இல்லாத எண்ணின் மடங்குகள்

போன செமஸ்டரில், மூன்றாமாண்டு பி.எஸ்ஸி. வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், ஐடியல் ஐடியல்னு சொல்றீங்களே, எதுக்கு சார் அந்தப் பேரு? அதுல அப்படி என்ன லட்சியம் இருக்கு?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "டெஃபனிஷன் அப்படிம்மா, உட்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்த தேற்றத்துக்குப் போய்விட்டேன். சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. பத்து வருஷத்துக்கு மேல் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். இந்தக் கேள்வியை நான் படித்த காலத்தில் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. கேட்கத் தோன்றாமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

எங்கள் காலத்துப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'தனிநிலைக் கணக்கியல்' என்று ஒரு பாடம் உண்டு. அதில்தான் குலம் முதன்முதலாக வரும். அடைவு விதி, சேர்ப்பு விதி, சமனி விதி, எதிர்மறை விதி. நாலு விதியையும் வரிசையாக எழுதி, அட்டவணை போட்டு, "எனவே இது ஒரு குலம்" என்று முடித்தால் பத்து மதிப்பெண் கையில். கால்குலஸில் ததிங்கிணத்தோம் போடுகிறவன்கூட இதை விடமாட்டான். குலம் என்றால் என்ன என்று ஒருவருக்கும் தெரியாது, எழுதத் தெரியும். அந்தப் பழக்கத்தோடுதான் கல்லூரிக்குப் போனேன். அங்கே குலம் போய் குரூப் வந்தது, பிறகு ரிங், பிறகு ஐடியல், பிறகு ஃபீல்ட். எல்லாமே "பின்வரும் விதிகளை நிறைவுசெய்யும் கணம்" என்று ஆரம்பிக்கும். தேர்வில் நல்ல மதிப்பெண். ஒன்றும் புரியவில்லை என்பது எம்.எஸ்ஸி.க்குப் போன பிறகுதான் புரிந்தது.

அந்த மாணவிக்கு ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன். அதற்காக ஒரு மாதம் படித்துச் சேர்த்த குறிப்புகள் இவை.

கதை 1847 மார்ச் 1 அன்று பாரிஸ் அறிவியல் கழகத்தில் சூடு பிடிக்கிறது. காப்ரியேல் லாமே எழுந்து, ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்துவிட்டதாக அறிவித்தார். லேசுப்பட்ட ஆள் இல்லை. 1839இலேயே ஏழாம் அடுக்குக்கு அதை நிரூபித்தவர். இப்போது எல்லா அடுக்குக்கும் வழி கிடைத்துவிட்டது என்றார். வழி இதுதான்: சாதாரண முழு எண்களோடு ஒன்றின் கலப்பெண் மூலங்களையும் சேர்த்து ஒரு பெரிய எண் உலகத்தை உண்டாக்கிக்கொள்வது, சமன்பாட்டின் இடப்பக்கத்தை அந்த உலகத்தில் வைத்து முழுக்கக் காரணிப்படுத்துவது. இந்த யோசனைக்கு லியூவிலுக்கும் நன்றி சொன்னார். லியூவில் எழுந்தார். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம், முதலில் ஒன்று பார்க்க வேண்டும் என்றார். சாதாரண எண்களில் பகா காரணிகள் ஒரே விதமாகத்தான் அமையும். 12 என்றால் 2, 2, 3, வேறு வழியில்லை. புதிய உலகத்திலும் அப்படித்தான் என்று யார் சொன்னது?

அதற்குப் பிறகு நடந்தது கிட்டத்தட்ட நம்மூர்ப் பங்காளிச் சண்டை. தானும் இதே வழியில் போயிருக்கிறேன் என்று கோஷி கிளம்பினார். மார்ச் 22 அன்று லாமேயும் கோஷியும் ஆளுக்கொரு முத்திரையிட்ட உறையைக் கழகத்தில் ஒப்படைத்தார்கள். நாளைக்கு முதலில் கண்டுபிடித்தது யார் என்று வழக்கு வந்தால் சாட்சிக்கு இருக்கட்டும் என்று. இரண்டு மாதம் இப்படிப் போனது. மே 24ஆம் தேதி ஜெர்மனியிலிருந்து எர்ன்ஸ்ட் கும்மர் எழுதிய கடிதத்தை லியூவில் கழகத்தில் வாசித்தார். அந்த உலகத்தில் ஒரே விதக் காரணி என்பது பொய்த்துப்போகும் என்று மூன்று வருஷத்துக்கு முன்பே அச்சில் காட்டியிருந்தார் கும்மர். 23ஆம் அடுக்குக்கு வரும்போதே உடைந்துவிடுகிறது. அவ்வளவுதான், சண்டை அடங்கியது.

ஆனால் கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. உடைந்ததை ஒட்டவைக்க ஒரு வழி இருக்கிறது என்றார் கும்மர். அதற்கு அவர் வைத்த பெயரில்தான் 'ஐடியல்' வருகிறது.

23ஆம் அடுக்கெல்லாம் கரும்பலகையில் தாங்காது. சின்ன உதாரணம் ஒன்று போதும். முழு எண்களோடு √−5ஐயும் சேர்த்துக்கொள்வோம். இந்த உலகத்தில் 6 = 2 × 3. அதேசமயம் 6 = (1 + √−5) × (1 − √−5). பெருக்கிப் பாருங்கள், 1 + 5, ஆறுதான். சரி, 2ஐ இன்னும் உடைத்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடாதா? முடியாது. 2 இங்கே உடைய வேண்டுமானால், ஒரு முழு எண்ணின் வர்க்கத்தோடு இன்னொரு முழு எண்ணின் வர்க்கத்தை ஐந்தால் பெருக்கிக் கூட்டி 2 வரவைக்க வேண்டும். 3க்கும் அப்படியே. 0, 1, 4, 9 இவற்றோடு 0, 5, 20 என்று கூட்டிப் பார்த்தாலே தெரியும், 2ம் வராது 3ம் வராது. ஆக நாலு பேருமே உடையாதவர்கள். இருந்தும் இரண்டு ஜோடியும் ஒரே 6ஐத் தருகிறது.

பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி இதை இப்படிச் சொல்லலாம். 2, 3, 5, 7 என்ற எண்களே தெரியாத ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்க்காரனுக்கு 210 = 6 × 35, 210 = 10 × 21 என்று மட்டும்தான் தெரியும். 6ஐ அவனால் உடைக்க முடியாது, 35ஐயும் முடியாது. ஒரே எண் இரண்டு விதமாக உடைகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்வான். நமக்குச் சிரிப்பு வரும். உள்ளே நாலு பேர் இருக்கிறார்கள், ஜோடி மாற்றி நிற்கிறார்கள், அவ்வளவுதானே?

கும்மர் சொன்னதும் அதேதான். இந்த உலகத்திலும் 6க்கு உள்ளே நாலு பேர் ஒளிந்திருக்கிறார்கள், கண்ணுக்குத்தான் தெரியவில்லை. அவர்களை எண்ணாகப் பிடித்து நிறுத்த முடியாது. ஆனால் எந்த எண்ணை அவர்கள் வகுக்கிறார்கள், எதை வகுக்கவில்லை என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம். வேதியியலிலிருந்து ஒரு ஒப்புமையும் கொடுத்தார்: அந்தக் காலத்தில் ஃப்ளூரினை யாரும் தனியாகப் பிரித்துப் பார்த்ததில்லை, ஆனால் அதன் சேர்மங்களை வைத்து அது இருக்கிறது என்று தெரியும். (மோய்ஸான் அதைப் பிரித்தெடுத்தது 1886இல்தான்.) நிஜத்தில் கைக்குச் சிக்காமல் கருத்தில் மட்டும் இருக்கிற எண், ஐடியல் எண். லட்சியமும் இல்லை, ஒன்றும் இல்லை. 'கருத்தளவில் உள்ள' என்ற பொருள்தான். தமிழில் இதைச் சீர்மம் என்று எழுதக் கண்டிருக்கிறேன். நல்ல சொல், ஆனால் இந்தக் கதையை அது சொல்வதில்லை. 'ஐடியல்' என்ற சொல்லும் இப்போது யாருக்கும் சொல்வதில்லை என்பது வேறு விஷயம்.

கும்மரின் ஐடியல் எண்கள் ஒருவித ஆவி மாதிரி. வேலை செய்யும், ஆனால் என்ன அது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அந்த ஆவிக்கு உடம்பு கொடுத்தவர் ரிச்சர்ட் டெடகிண்ட், 1871இல். டிரிஷ்லேயின் எண்கோட்பாட்டு விரிவுரைகளைப் பதிப்பித்தபோது, இரண்டாம் பதிப்பின் பின்னிணைப்பாக இதைச் சேர்த்தார். என்னைக் கேட்டால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிக அழகான காரியம் அந்தப் பின்னிணைப்புதான்.

யோசனை இவ்வளவுதான். ஒரு எண்ணை நேரில் பார்க்க முடியாவிட்டால் போகட்டும், அதன் மடங்குகளைப் பார்க்கலாம் அல்லவா? 5 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மடங்குகளை எல்லாம் ஒரு கூட்டமாகக் கட்டிவிட்டால், அந்தக் கூட்டமே 5க்குப் பதில் நிற்கும். அந்தக் கூட்டத்தின் குணம் என்ன? உள்ளே இருக்கும் இரண்டைக் கூட்டினாலும் கழித்தாலும் உள்ளேயே இருக்கும். உள்ளே இருக்கும் ஒன்றை வெளியே இருக்கும் எதனால் பெருக்கினாலும் உள்ளே வந்துவிடும். ஐந்தின் மடங்கை ஏழால் பெருக்கினாலும் ஐந்தின் மடங்குதானே.

இப்போது ஐடியல் என்பதற்கு நாம் நடத்தும் டெஃபனிஷனை நினைத்துப் பாருங்கள். கூட்டலிலும் கழித்தலிலும் அடைவு, வெளியிலிருந்து பெருக்கினாலும் உள்ளே. வரிக்கு வரி அதே! டெடகிண்ட் செய்ததெல்லாம், மடங்குகளின் குணத்தை வைத்துக்கொண்டு 'எதன் மடங்கு' என்ற கேள்வியைக் கழற்றிவிட்டதுதான். 2இன் மடங்குகள், (1 + √−5)இன் மடங்குகள், இவற்றைக் கூட்டி வருவதையெல்லாம் ஒரு கூட்டமாக்குங்கள். மடங்குகளின் குணம் அத்தனையும் அதற்கு உண்டு. ஆனால் எந்த ஒரு எண்ணின் மடங்குகளும் அல்ல அது. அப்படி ஒரு எண் இருந்தால் அது 2ஐயும் வகுக்க வேண்டும், 1 + √−5ஐயும் வகுக்க வேண்டும். இரண்டுமே உடையாதவை என்று பார்த்தோம், ஆகவே 1 போன்ற ஒன்றுதான் மிஞ்சும். அப்போது 1ம் அந்தக் கூட்டத்தில் இருந்தாக வேண்டும். இல்லை. ஆக, அது இல்லாத ஒரு எண்ணின் மடங்குகள். அந்தக் கூட்டத்தை அதனாலேயே பெருக்கினால் கிடைப்பது 2இன் மடங்குகள். ஒளிந்திருந்த நாலு பேரில் இரண்டு பேர் இவர்தான், இரட்டை வேடம். 3க்குள் இன்னும் இரண்டு பேர். ஜோடி மாற்றினால் 1 + √−5, 1 − √−5. ஊர்க்காரனின் 210 கதை அப்படியே.

இதை முதலில் படித்த அன்று ராத்திரி எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இருபது நிமிஷத்தில் சொல்லக்கூடிய விஷயம். மூன்று வருஷம் கல்லூரியில் ஒருவரும் சொல்லவில்லை. அப்புறம் யோசித்தால், பத்து வருஷமாக நானும் சொல்லவில்லை.

குலத்தின் கதையும் இப்படி ஒரு சிக்கலிலிருந்து பிறந்ததுதான். ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்கு ஏன் சூத்திரம் இல்லை என்பது கேள்வி. கலுவா 1832இல் இருபது வயதில் துப்பாக்கிச் சண்டையில் செத்தது, லியூவில் 1846இல் அவன் தாள்களை அச்சேற்றியது, ஜோர்டான் 1870இல் பெரிய புத்தகம் எழுதியது எல்லாம் பலரும் எழுதிவிட்டார்கள். நான் திரும்ப எழுதவில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: இவர்கள் கையில் இருந்தவை வரிசைமாற்றங்கள், நிஜமான பொருள்கள். விதிகளை மட்டும் வைத்துக் குலத்தைச் சொல்லிப் பார்த்தவர் கெய்லி, 1854இல். அப்போது அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

பிறகு எப்படி எல்லாம் தலைகீழானது? இங்கேதான் எம்மி நோதர் வருகிறார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்போவதில்லை, நேர்மாறாக.

1882இல் எர்லாங்கனில் பிறந்தவர். 1907இல் முனைவர் பட்டம். ஆய்வேடு முழுக்கக் கணக்கீடு, 331 மாறிலிக் கோவைகளைப் பட்டியலிட்டது. பிற்காலத்தில் அதைக் குப்பை என்று அவரே ஒதுக்கினார். 1915இல் ஹில்பர்ட்டும் க்ளைனும் கோட்டிங்கனுக்கு அழைத்தார்கள். பெண் என்பதால் பல்கலைக்கழகம் கற்பிக்கும் உரிமை தர மறுத்தது. அதனால் விரிவுரை ஹில்பர்ட் பெயரில் அறிவிக்கப்படும், நடத்துவது நோதர். 1919 வரை இந்தக் கூத்துதான். 1921இல் வளையங்களின் ஐடியல் கோட்பாடு பற்றி அவர் எழுதிய கட்டுரை வந்தது. அதுவரை எண்களுக்கு ஒரு ஐடியல் கோட்பாடு, பல்லுறுப்புக் கோவைகளுக்குத் தனியாக ஒன்று என்று இருந்தது. இரண்டாவதைச் செய்தவர் இமானுவேல் லாஸ்கர், 1905இல். ஆமாம், சதுரங்க உலகச் சாம்பியன் லாஸ்கரேதான். (அவர் பட்டத்தைக் காபாபிளாங்காவிடம் இழந்ததும் அதே 1921இல்.) ஐடியல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக வளர்ந்துகொண்டே போகும் சங்கிலி எங்காவது நின்றாக வேண்டும் என்ற ஒரே ஒரு நிபந்தனையைக் கையில் எடுத்துக்கொண்டு, லாஸ்கரின் சிதைவுத் தேற்றங்களைப் பக்கம் பக்கமான கணக்கீடு இல்லாமல், எந்த வளையம் என்றுகூடக் கேட்காமல் வரவழைத்துவிட்டார் நோதர்.

இத்தனை செய்துவிட்டு, எல்லாம் டெடகிண்டிடமே இருக்கிறது என்று மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பாராம். டெடகிண்டின் தொகுப்பு நூல்களைப் பதிப்பித்தவர்களில் அவரும் ஒருவர். அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு 6இன் கதை தண்ணீர் பட்ட பாடு. உதாரணத்தில் மூழ்கி எழுந்தவர்களுக்குத்தான் அவர் விதிகளை மட்டும் கொடுத்தார்.

1924இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒரு இருபத்தொரு வயதுப் பையன் அங்கே வந்து சேர்ந்தான். வான் டெர் வேர்டன். நோதரின் விரிவுரை ஒழுங்காக இருக்காது. யோசித்துக்கொண்டே பேசுவார், வேகமாகப் போவார், பாதி வகுப்புக்கு விளங்காது. இவன் விளங்கிக்கொண்டான். 1926இல் ஹாம்பர்க் போய் எமில் ஆர்ட்டினின் இயற்கணித விரிவுரையைக் கேட்டான். ஆர்ட்டின் நேர் எதிர், தேன் மாதிரி ஓடும் பேச்சு. ஆர்ட்டின் ஒரு புத்தகம் எழுதுவதாக இருந்தது, சேர்ந்து எழுதலாம் என்றார்கள். இவன் எழுதிக் காட்டிய பகுதிகளைப் பார்த்துவிட்டு, முழுவதையும் நீயே எழுதிவிடு என்று விட்டுவிட்டார் ஆர்ட்டின். 1930இல் முதல் தொகுதி, 1931இல் இரண்டாவது. 'நவீன இயற்கணிதம்'. ஆர்ட்டின், நோதர் இருவரின் விரிவுரைகளைப் பயன்படுத்தி எழுதியது என்று தலைப்புப் பக்கத்திலேயே போட்டிருந்தது. ஆசிரியருக்கு வயது 27.

எண்களும் கணங்களும் என்று ஒரு சிறு அத்தியாயம், அடுத்து குலங்கள், அடுத்து வளையங்களும் களங்களும். நம் பாடத்திட்டத்தின் முதுகெலும்பு இதுதான். அத்தியாயங்களில் எதைப் படித்தால் எதற்குப் போகலாம் என்று ஒரு வரைபடம் வேறு. கலுவாவில் தொடங்கி நூறு வருஷம் கலைந்து கிடந்த வீட்டை ஒரே நாளில் ஒழுங்குபடுத்தின மாதிரி. என் குறை இவ்வளவுதான்: பெருக்கித் துடைத்த வீட்டில் யார் எங்கே எதற்காக அழுதார்கள் என்று தெரியாது.

1933 ஏப்ரலில் நோதரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். யூதர். சில மாதம் வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டிப் பாடம் நடத்தினார். பிறகு அமெரிக்காவில் ப்ரின் மார் கல்லூரி. 1935 ஏப்ரல் 14 அன்று, அறுவைச் சிகிச்சைக்குச் சில நாள் பிறகு இறந்துபோனார், 53 வயதில். மனைவியின் தந்தை யூதர் என்பதற்காக ஆர்ட்டினுக்கும் 1937இல் வேலை போனது. அவரும் அமெரிக்கா. பின்னால் பிரின்ஸ்டனில் அவரிடம் 1951இல் முனைவர் பட்டம் வாங்கியவர்களில் ஒருவர் கே. ஜி. ராமநாதன், சென்னை லயோலாவில் பாதிரியார் ராசின் காலத்தில் படித்தவர். ராசினைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். எலி கார்தானிடம் படித்துவிட்டு இங்கே வந்து, சேஷாத்ரி, எம். எஸ். நரசிம்மன் போன்றவர்களுக்குப் புதிய கணிதத்தைக் காட்டியவர். இன்னொரு நாள்.

இளங்கலை வகுப்புக்கு இந்தப் பாடம் இறங்கியது அமெரிக்காவில். 1931 முதல் 1933 வரை கோட்டிங்கனில் இருந்து நோதரின் வகுப்பைக் கேட்ட சாண்டர்ஸ் மக்லேன், ஹார்வர்டில் காரெட் பிர்காஃபுடன் சேர்ந்து 1941இல் ஒரு பாடநூல் எழுதினார். அதில் ஒரு சங்கதி: முதல் அத்தியாயம் முழு எண்கள். பிறகு பின்னங்கள், பல்லுறுப்புக் கோவைகள், மெய்யெண், கலப்பெண். குலம் ஆறாவது அத்தியாயத்தில்தான். இரண்டு பேருக்கும் எதிரே உட்கார்ந்திருப்பது கோட்டிங்கன் கூட்டம் இல்லை என்று தெரிந்திருக்கிறது.

நமக்கு வாய்த்தது ஹெர்ஸ்டைன். 1964. தமிழ்நாட்டில் கணிதம் படித்த எவரும் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு பெருமூச்சு விடுவார்கள். அருமையான புத்தகம், பயிற்சிக் கணக்குகளுக்காகவே கோயில் கட்டலாம். ஆனால் முன்னுரையை யாரும் படிப்பதில்லை. 1959-60இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மிகத் திறமையான இரண்டாமாண்டு மாணவர்களுக்கு நடத்திய வகுப்பிலிருந்து பிறந்தது என்று அவரே சொல்கிறார். அதிலும் எண்கோட்பாடு இல்லாமல் இல்லை. மூன்றாம் அத்தியாயத்தில் காஸ் முழு எண்களை எடுத்து, எந்தப் பகா எண் இரு வர்க்கங்களின் கூடுதல் என்று காட்டுகிறார். கைக்குச் சிக்கும் பொருள் உள்ள பகுதி அது. நான் படித்த கல்லூரியில் அதை "தேர்வுக்கு வராது" என்று தாண்டினார்கள். இரண்டு நாள் மிச்சம் பிடித்தோம்.

இந்த செமஸ்டரில் ஐடியலுக்கு முந்தின வகுப்பில் டெஃபனிஷன் எதுவும் எழுதாமல், 6ஐப் பலகையில் இரண்டு விதமாக எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கால் மணி நேரம் சத்தம். பாடம் ஒரு வகுப்பு பின்தங்கியது, அதற்கு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. போன செமஸ்டரில் கேட்ட மாணவி ஒரு பேப்பரில் அரியர் வைத்திருந்ததால் இண்டர்னல் டெஸ்ட்டை மறுபடி எழுத வந்தாள். அவளைத் தனியாக அழைத்து இதே கதையைச் சொன்னேன். டெஸ்ட்டில் இரண்டு மார்க் கேள்வி: 'ஐடியல் வரையறு'. "இல்லாத ஒரு எண்ணின் மடங்குகள்" என்று ஒரே வரி எழுதியிருந்தாள்.

விடைக்குறிப்புப்படி பூஜ்யம். ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டு இருந்துவிட்டு ஒன்று போட்டேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு வந்து நின்றாள்.

"இன்னொரு மார்க் ஏன் சார் போச்சு?"

"அந்த ரெண்டு நிபந்தனையையும் எழுதணும்மா. இல்லாத எண்ணை நம்புறதுக்கு அதுதானே ஆதாரம்."

கொஞ்சம் யோசித்தாள். "சரி சார்" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அப்போ ரிங்குக்கு ஏன் சார் ரிங்னு பேரு?" என்றாள். 1897இல் ஹில்பர்ட் வைத்தது என்று ஆரம்பித்தேன். மணி அடித்துவிட்டது.